ராயகிரி வீட்டில் எங்கள் பெட்டி சொன்ன ஒரு வரி

நான் வேலையை விட்டு ஒன்றரை வருசம் ஆகிறது. போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து சுபாஷினி போன் பண்ணினாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். புதுசாக வரப்போகிற டிவிக்கு ரிமோட்டே வேண்டாமாம். வாயால் கேட்டால் போதும். குரலை வைத்தே பேசுவது யார் என்று கண்டுபிடித்து, அவருக்குப் பிடித்த நிகழ்ச்சியை எடுத்துப் போடுமாம்.

"ஆளோட பேரைச் சொல்லிக் கூப்பிடலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா வாக்குவாதம் நடக்குதுக்கா. உங்க ராயகிரி விசயத்தை ஆனந்தவேல் சார் பாதி சொல்லிட்டு, மீதியை நீங்கதான் சொல்லணும்னுட்டார்" என்றாள்.

போனிலேயே சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்தவற்றை விட்டுவிட்டுச் சொன்னால், ஏதோ இயந்திரக் கோளாறு மாதிரி கேட்டது. அது கோளாறு இல்லை. டிவியோடு இணைக்கிற எங்கள் பெட்டி நாங்கள் சொன்னபடிதான் நடந்தது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு நான் சேர்ந்தது சங்கரன்கோவிலில் ஒரு கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில். ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடி அறை. ஒரு மேஜை, ஒரு போன், எதிரே ஆறு சின்ன டிவிகள். படம் தெரியாவிட்டால் கூப்பிட்டுத் திட்டுவதற்காக வைத்த நம்பர் அது. ஆனால் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் கேட்டது வேறு. இப்போ எதில் நல்லதாக ஓடுகிறது என்று கேட்டார்கள். எதிரே இருக்கிற ஆறையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்குத் தோன்றியதைச் சொல்லுவேன். போகப்போகக் குரலை வைத்தே வீடு தெரிந்தது. இன்ன வீட்டில் அழுகைப் படம் ஆகாது, இன்ன வீட்டில் பழைய படம்தான் வேண்டும் என்று மனதில் பதிந்தது. பதினெட்டு வருசம் அப்படி ஓடியது. எனக்கு அலுக்கவே இல்லை. ஒரு ஆள் ஒன்றைப் பார்க்கிறார், இன்னொன்றை விட்டுவிடுகிறார், அது ஏன் என்ற கேள்வி எனக்கு எப்போதும் இருந்தது.

பிறகு வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆனந்தவேல் சார் என்னைத் தேடிக்கொண்டு மாடி ஏறி வந்தார். இந்த ஊர்க்காரர். வெளியூரில் பெரிய கம்பெனிகளில் இருந்துவிட்டு, இங்கேயே சின்னதாக ஒரு சாப்ட்வேர் ஆபீஸ் போட்டிருந்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். பெட்டி விற்கிற ஒரு கம்பெனி அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்திருந்தது. டிவியைப் போட்டதும் அது இரண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். ரிமோட்டில் பதில் அமுக்கினால், இதைப் பாருங்கள் என்று நிகழ்ச்சி சொல்ல வேண்டும்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே என்றேன். "கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க பத்துப் பேர் இருக்காங்கக்கா. ஆளுக என்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சவங்கதான் இல்லை" என்றார்.

அவருடைய சுபாவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். கூடாது என்ற வார்த்தையும் வராது. நாம் ஒன்றைச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்பார். அதற்குப் பதில் இருந்தால் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். இல்லாவிட்டால் அது மேஜையிலேயே கிடக்கும். நாம் எழுந்து போய்ப் பதிலைத் தேட வேண்டியதுதான்.

தேடுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் யாராவது ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் டிவி பார்ப்பதை நாம் பார்க்க வேண்டும். டிவியை நாம் பார்க்கக் கூடாது. அவர்கள் கையைப் பார்க்க வேண்டும். நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் அவர்கள் சொன்னது, அந்தப் பக்கம் அவர்கள் செய்தது. பக்திப் படம்தான் பார்ப்பேன் என்று சொன்ன திருவேங்கடத்து ஆட்டுக்காரர் ஒருவரின் கட்டைவிரல் மூன்று தடவை மல்யுத்தத்தில் போய் நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்கிற ஆளுக்குத் தகுந்த பதிலைச் சொன்னார், அவ்வளவுதான்.

பெட்டியைத் தயாரிக்கும் முன்பு அட்டையில் செய்து பார்ப்போம். அச்சகத்தில் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு அட்டைக்கு ஒரு திரை என்று எழுதிக்கொள்வேன். டிவி அளவுக்குச் சட்டம் வெட்டி, அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்துகொள்வேன். வீட்டுக்காரர் பழைய ரிமோட்டில் அம்புக்குறியை அமுக்குவார். நான் சட்டென்று அடுத்த அட்டையை நீட்டுவேன். அதாவது, டிவி நான்தான். முதல் வாரம் நான் நீட்டிய கேள்வி, 'உங்களுக்கு எந்த வகை நிகழ்ச்சி பிடிக்கும்?' எல்லா வீட்டிலும் ஒரே பதில்: எல்லாமே பிடிக்கும். அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டோம். புளியங்குடியில் எலுமிச்சை ஏலத்துக்கு நடுவே கடையில் டிவி பார்க்கிறவர் ஒருவர், "எனக்கு இருக்கது பத்து நிமிசம். பத்து நிமிசத்துல முடியிறது எது?" என்று கேட்டார். அன்றிலிருந்து முதல் கேள்வி 'எவ்வளவு நேரம் இருக்கிறது?' என்று ஆனது.

இன்னொரு வீடு எங்களை ரொம்ப நாள் குழப்பியது. எங்கள் ஊரிலேயே, விசைத்தறித் தெருவில். பெட்டி அனுப்புகிற கணக்குப்படி, பகல் முழுக்க அங்கே வங்காள மொழிச் சமையல் நிகழ்ச்சி ஓடியது. நாங்கள் தமிழ் நிகழ்ச்சிகளாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் அதைத் தள்ளிவிட்டு வங்காளத்துக்கே போனார்கள். வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கியிருக்கலாம் என்று எங்கள் பையன்கள் எழுதி வைத்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் போனேன். வாசல் ஏறினதுமே விசயம் விளங்கிவிட்டது. முன்னறையில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன வணக்கம் எனக்கே கேட்கவில்லை. அந்த வீட்டம்மா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் தமிழானால் என்ன, வங்காளமானால் என்ன? பேச்சைக் கேட்க வேண்டியதில்லாத ஒன்றாகப் பார்த்து அவரே தேடிக் கண்டுபிடித்திருந்தார். 'இப்போது சத்தம் கேட்குமா?' என்பது எங்களுடைய இரண்டாவது கேள்வி ஆனது. அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இப்படி இரண்டு வருசம் நன்றாகப் போனது. அடுத்துதான் என்னுடைய யோசனை வந்தது.

ஒவ்வொரு தடவையும் பெட்டி கேள்வி கேட்பானேன் என்று எனக்குப் பட்டது. கண்ட்ரோல் ரூமில் நான் யாரிடமாவது மூன்றாம் தடவை கேள்வி கேட்டேனா? நினைவில் வைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. பெட்டியும் அப்படி இருக்கட்டும் என்றேன். டிவியைப் போட்டதும் மேலே ஒரு வரி வரும். 'நீங்கள் தினமும் பார்ப்பதால்' என்று தொடங்கி, நிகழ்ச்சியின் பெயரும் அடுத்த பகுதியும் பெரிய எழுத்தில் இருக்கும்.

சார் கேட்டார்: "பாத்தது யாருன்னு எப்படித் தெரியும்?"

"வீட்டுல இருக்கவங்கதானே சார்" என்றேன்.

 அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அது என் பதிலுக்காக அல்ல, என்மேல் இருந்த நம்பிக்கைக்காக என்று இப்போது நினைக்கிறேன். அந்த வரி வந்த பிறகு ஜனங்கள் டிவி பார்க்கும் நேரம் கூடியது. பெட்டிக் கம்பெனி பாராட்டி எழுதியது. அந்தக் கடிதத்தை நான் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன்.

திங்கட்கிழமைகளில் புகார்ப் பட்டியலைப் படிப்பது என் வேலை. ஒரு திங்களன்று ராயகிரியிலிருந்து வந்த ஒன்று கண்ணில் பட்டது. 'பரிந்துரை பிடிக்கவில்லை. விளக்கம் தரப்பட்டது. முடிந்தது' என்று குறித்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்று புகார் சொல்வதற்காக யாரும் போன் பண்ண மாட்டார்கள். அதனால் பதிவான குரலைப் போட்டுக் கேட்டேன். ஒரு பெண் தணிந்த குரலில் பேசினாள்.

"நான் பாத்ததை ஏன் எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று போனை எடுத்த எங்கள் ஆபீஸ் பிள்ளை வழி சொல்ல ஆரம்பித்தது. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நான் அதை நான்கு தடவை கேட்டேன்.

சாரிடம் சொன்னேன். தானும் வந்தால் வீட்டு ஆண்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், நீங்கள் தனியாகப் போங்கள் என்றார். அந்த வீட்டுக்கு மட்டும் போனால் அதுவே ஒரு கேள்வியாகிவிடும் என்பதால், அந்தத் தெருவில் எங்கள் பெட்டி இருந்த எல்லா வீட்டுக்கும் போவது என்று முடிவு பண்ணினேன். நான்கு வீடுகளில் பெட்டியைச் சோதித்துவிட்டு ஐந்தாவதாக அங்கே நுழைந்தேன். முற்பகல் நேரம், ஆண்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். மாமியார் பூரணத்தம்மாள் தரையில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மருமகள் இசக்கியம்மாள் அடுப்படியில் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

டிவி அணைந்திருந்தது. பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். ரிமோட் எங்கே என்று கேட்டேன்.

"அது தோட்டத்துக்குப் போயிருக்கு" என்றார் மாமியார், தலை நிமிராமல்.

மாமனார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறாராம். பெட்டியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டதற்கு, "நல்லா வேலை செய்யுது. கேக்காததையெல்லாம் சொல்லுது" என்றார்.

சுவரில் தினசரிக் காலண்டர் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டரும் தொங்கியது. கேஸ் சிலிண்டர் வந்த நாளைக் குறித்திருந்தார்கள். அதே கட்டங்களின் ஓரத்தில் பென்சிலால், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, சின்னச் சின்ன எண்கள் இருந்தன. பதினாலு, பதினைஞ்சு, பதினாறு. நாற்பத்தொன்றோடு நின்றுபோயிருந்தது.

தண்ணீர் கொண்டுவந்த இசக்கியம்மாள் நான் எங்கே பார்க்கிறேன் என்று கவனித்துவிட்டாள். பெட்டியின் பின்பக்கத்தைப் பார்க்கிற சாக்கில் நாங்கள் இருவரும் டிவிக்கு அருகே குனிந்தோம். அப்போது சொன்னாள். கல்யாணத்தின்போதே மாமனார் மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லித்தான் பேசி முடித்திருக்கிறார். எல்லாரும் வெளியே போன மத்தியான நேரத்தில் அரசு வேலைத் தேர்வுக்கான பாடத்தை டிவியில் போட்டுப் பார்த்து, எத்தனாவது பாடம் என்று காலண்டரில் குறித்து வந்திருக்கிறாள். புருசனிடம் கூடச் சொல்லவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புளியங்குடியிலிருந்து மாமனாரின் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்து டிவியைப் போட்டிருக்கிறார்கள். என்னுடைய வரி வந்திருக்கிறது. 'நீங்கள் தினமும் பார்ப்பதால்: அரசு வேலைக்கான தேர்வுப் பாடம். நாற்பத்திரண்டாம் பகுதி தயார்.'

வந்தவர்கள், உன் மருமகள் கலெக்டராகப் போகிறாளா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். தேர்வுக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"எங்கிட்ட மட்டும் அது சொல்லியிருந்தா எனக்குச் சந்தோசமாத்தான் இருந்திருக்கும்க்கா" என்றாள். பிறகு, "பெட்டி தப்பாச் சொல்லிட்டுன்னு அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுதீங்களா? நீங்க கம்பெனி ஆள். நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாள்.

சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. வரும் வழியில் எதையெல்லாமோ யோசித்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. பூரணத்தம்மாள் முன்னால் போய் உட்கார்ந்து, "எங்க பெட்டி அப்படிச் சொன்னது தப்பும்மா. அது முழுக்க எங்க தப்புதான்" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் எந்த அர்த்தத்தில் அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்பினேனோ, அது உண்மை இல்லை.

அவர் காம்பு கிள்ளுவதை நிறுத்தினார். "அப்போ அவ அதைப் பாக்கலையா?"

நான் ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன். மருமகள் அடுப்படி வாசலில் நின்றாள்.

"சொல்லமாட்டிய. நல்லதுதான்" என்றார் அவர். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "அவ பாத்தது எனக்குத் தெரியும்மா. முதல் நாள்லயிருந்தே தெரியும். கொல்லையில வத்தல் காயப்போடும்போது ஜன்னல் வழியா பாடம் கேக்கும். கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அவுக சாப்பிட வீட்டுக்கு வாரேன்னு சொன்னா, சோத்தை நானே தோட்டத்துக்குக் கொண்டு போவேன், இவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும்னு. நான் தெரியாத மாதிரி இருந்ததாலதான் அது நடந்துச்சு. இப்போ விருந்தாளி முன்னால உங்க பெட்டி சொல்லிட்டு. இனிமே தெரியாத மாதிரி நான் எப்படி இருக்க?"

இசக்கியம்மாளுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன செய்யட்டும் என்று பூரணத்தம்மாளிடம் கேட்டேன். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார்.

புளியங்குடி வந்து பஸ் மாறி ஆபீஸ் போய்ச் சேரும் வரை நான் நோட்டைத் திறக்கவில்லை. எத்தனையோ வீடுகளுக்குப் போய், சொன்னது ஒரு பக்கம், செய்தது ஒரு பக்கம் என்று எழுதியிருக்கிறேன். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது என்று ஒன்று உண்டு, அதற்கு என் நோட்டில் பக்கமே இல்லை. கண்ட்ரோல் ரூமில் நான் எல்லார் விருப்பத்தையும் நினைவில் வைத்திருந்தேன், சரி. ஆனால் போன் பண்ணினவரிடம் மட்டும்தானே சொன்னேன்? அவர் புருசனிடம் சொன்னேனா? நான் யோசிக்காமலே கடைப்பிடித்த ஒன்றைப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி என்னுடையது என்றும் சொன்னேன். "நானும்தானே சரின்னேன்" என்றார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டியிலும் அந்த வரியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெட்டிக் கம்பெனிக்குத் தெரிவித்தார்.

அவர்களுக்கு வருத்தம். ஒரு வீட்டுச் சண்டைக்காக இவ்வளவு பேருக்கு உதவுகிற ஒன்றை நிறுத்துவதா என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வைத்து, பூட்டுப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு ஆறு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில், மனைவி தன் பெயரில் பூட்டுப் போட்ட அட்டையைத் தொடவே யோசித்தாள். பக்கத்தில் இருந்த கணவர், "பூட்டு எதுக்கு? எனக்குத் தெரியாம அப்படி என்ன பாக்கப் போற?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் அந்த அட்டையைத் திருப்பித் தந்துவிட்டாள். மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட அதே கதை. எல்லாரும் கூடி உட்காருகிற அறையில் இருக்கிற பொருளுக்குப் பூட்டுப் போட்டால், பூட்டு ஒன்றே போதும் காட்டிக்கொடுக்க.

பல வாரம் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் எனக்கு நினைவு வந்தது அந்தக் காலண்டர்தான். அவள் தன் நினைவைத் தானே வைத்திருந்தாள், யார் கண்ணிலும் படாமல். பெட்டி அதற்கு ஒத்தாசையாக இருந்தால் போதும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண் கொடுத்தோம். ரிமோட்டில் அந்த எண்ணை அமுக்கினால் நேராக அங்கே போய் நிற்கும். டிவியை அணைத்ததும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுநாள் போட்டால் எதுவும் தெரியாத மாதிரி மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து தொடங்கும். இது பழைய டெலிபோன் காலத்து ஏற்பாடு என்று எங்கள் ஆபீஸ் பையன்களே சிரித்தார்கள். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இதனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஜனங்கள் டிவி பார்க்கும் நேரம் குறைந்தது. பெட்டிக் கம்பெனி அடுத்த வேலையை வேறு ஊரில் கொடுத்தது. எங்கள் ஆபீஸில் இரண்டு பேருக்கு சார் வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுக்க வேண்டிவந்தது. அவர்களில் ஒருவன் என்னோடு பேசுவதில்லை. இசக்கியம்மாள் அந்தத் தேர்வை எழுதவில்லை. அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. அடுத்த தடவை எழுதி, சில மதிப்பெண்ணில் தவறி, அதற்கும் அடுத்த தடவை தேறி, இப்போது சிவகிரிப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் எங்கள் பங்கு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள், மாமனார் எப்படி இறங்கிவந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எவ்வளவு ஆசை இருந்தாலும், அங்கே திரும்பப் போகவில்லை.

ஒரே ஒரு தடவைதான் அந்த வீட்டுக் குரலைக் கேட்டேன். எண் முறை வந்து சில மாதம் இருக்கும். புகார் மேஜையில் ஆள் இல்லாததால் போனை நான் எடுத்தேன்.

"ராயகிரியிலிருந்து பேசுதேன்" என்றதுமே யார் என்று தெரிந்துவிட்டது. பூரணத்தம்மாள். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அரசு வேலைத் தேர்வுப் பாடம் புதுசாக வருகிறதாமே, அதற்கு நம்பர் என்ன என்று கேட்டார்.

"யாருக்கும்மா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.



"உங்க பெட்டியே இப்போ அதைக் கேக்கதில்லை. நீங்க ஏன் கேக்கிய?" என்றார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு நம்பரைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். மூன்றாவது எண்ணில் பேனா எழுதவில்லை போலிருக்கிறது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்பக்கம் திரும்பி வேறு பேனா கேட்டார். பக்கத்திலிருந்தே ஒரு குரல், தணிக்காத குரல், "இந்தாங்கத்தை" என்றது.